முதலில் ஏறிப் பார்க்கிறவர்

என் அக்காவின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை மணவறையில் உடனே உட்காரவில்லை. அதன் நாலு கால்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். சுங்கை பட்டாணி மண்டபத்தில் கூடியிருந்த சனம் சிரிக்க ஆரம்பித்தது. ஐயர் மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். பின்பக்கத்துக் கால் ஒன்று லேசாக ஆடியது போலிருக்கிறது. மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகக் குனிந்து, ஓர் அட்டையைக் கிழித்து மடித்து அதற்கு அடியில் சொருகினார். பிறகு தான் மட்டும் ஏறி உட்கார்ந்து, இடமும் வலமும் உடம்பை அசைத்துவிட்டு, "தாங்கும். பொண்ண வரச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் அப்பா பார்த்துப் பார்த்து எடுத்த மணவறையை ஊர் முன்னால் சந்தேகப்படுவதா? "இவரு பைலட்டா, தச்சரா?" என்று அக்காவின் காதில் கேட்டேன். அக்கா குனிந்த தலை நிமிராமல் சிரித்தாள். அவளுக்கு அப்போதே பிடித்துப்போய்விட்டது.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எனக்கு அவர் அத்தான், அவருக்கு நான் மிஸ்ஸி. நான் அப்போது ஆஸ்பத்திரியில் தாதி வேலைக்குப் பயிற்சியில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் தாதிகளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அத்தானுக்கு ஊர், பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அவருடைய அம்மா அங்கே பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் சேகரித்தவர். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். மகனைப் பற்றி யார் கேட்டாலும் அத்தை சொல்வது ஒரே கதைதான்.

"மழ காலத்துல ஆத்துப் பாலம் அடிச்சிட்டுப் போயிரும்லா. ஒரு மரத்த வெட்டிக் குறுக்கால போட்டு வைப்பாங்க. பிள்ளைங்கெல்லாம் பள்ளிக்கூடம் போவ அந்தக் கரையில நிக்கும். இவன் மொதல்ல போவான். நடு மரத்துல நின்னு குதிப்பான். குதிச்சிட்டுத்தான் மத்ததுங்கள வரச் சொல்லுவான்."

"விழுந்திருந்தா, அத்தை?"

"விழுந்தா இவன் ஒருத்தந்தான விழுவான்?" என்பார் அத்தை பெருமையாக. எனக்கு அந்தப் பெருமை பிடிபடவே இல்லை. பெற்றவள் பேசுகிற பேச்சா இது என்று நினைத்துக்கொள்வேன்.

விமானப்படையில் அவருக்குக் கிடைத்த வேலையும் அதேதான். போர் விமானி என்றால் யாருக்கும் புரிந்துவிடும். இவர் சோதனை விமானி. பெரிய பழுது பார்த்து முடித்த விமானத்தை, மற்றவர்கள் ஓட்டுவதற்கு முன், முதல் ஆளாக மேலே கொண்டுபோகிறவர். அதற்கென்று வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். ஒருநாள் அலோர் ஸ்டாரில் அவர்கள் குவார்ட்டர்ஸ் சமையலறையில் உட்கார்ந்து, "மேல போய் என்னதான் செய்வீங்க?" என்று கேட்டேன். சாம்பார்க் கரண்டியை எடுத்து, விமானத்தின் மூக்குபோல அதன் முனையை மேல் நோக்கிப் பிடித்தார். மெல்லத் தூக்கினார், நிறுத்தினார், விட்டுவிட்டார். அது சுழன்றுகொண்டே கீழே வந்தது. தரையைத் தொடுவதற்குள் பிடித்தார்.

"ஏறுறதுக்கு ஆள் வேணாம் மிஸ்ஸி, எல்லாம் ஏறும். விழுறப்ப எப்பிடி நடந்துக்குதுன்னு பாக்கத்தான் ஆள் வேணும்."

"அதுக்கு நீங்கதான் கெடைச்சீங்களா?"

"யாராச்சும் மொதல்ல போவணும்ல."

அக்கா அடுப்பின் பக்கம் திரும்பியே நின்றாள். அந்தக் கரண்டியை அவள் மறுபடி கழுவியதை மட்டும் பார்த்தேன்.

சோதனை நாளை அவர் அக்காவிடம் சொல்ல மாட்டார். ஆனால் அவளுக்குத் தெரியும். அன்று மட்டும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சர்க்கரை டின்னுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். அவருக்கு ஏதோ பழக்கம். அக்காவுக்கு அதுதான் தகவல். கடிகாரம் டின்னுக்குப் பக்கத்தில் இருந்தால் அன்று அவள் அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் ஒருமுறை மத்தியானம் போய் நின்றேன், பசியோடு. வீடு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஏதோ இரைந்துகொண்டு போனது. "அவரா?" என்றேன். "தெரியல. எல்லாத்தையும் கேட்டுட்டு இருக்கேன்" என்றாள். அவர் வந்து கடிகாரத்தைக் கட்டிய பிறகுதான் அரிசி களைந்தாள். சாயங்காலம் பசியாறினோம்.

சிரிப்பாகவும் இருக்கும் அவரோடு போனால். லங்காவித் தீவுக்குப் போகலாமென்று ஒரு பள்ளி விடுமுறையில் கோலா கெடா ஆற்றுத் துறைக்குப் போனோம். மீன் வாடையும் வெயிலும் கூட்டமும். படகில் ஏறி இடம் பிடித்து உட்கார்ந்தாயிற்று. அத்தானைக் காணோம். பார்த்தால் எஞ்சின் அறைக்குள் இறங்கியிருக்கிறார். முழங்கை வரை எண்ணெயோடு மேலே வந்து, "தாங்காது, எறங்குங்க" என்றார். சட்டிபானை, பாய், அக்காவின் சின்னப் பையன், எல்லாவற்றோடும் இறங்கினோம். படகுக்காரர் மலாயில் ஏசினார். படகு போயிற்று. மறுநாள் பத்திரமாகத் திரும்பியும் வந்தது. நான் விடுவேனா? "தாங்கிருச்சு போல அத்தான்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "நேத்து தாங்கியிருக்கு" என்று மட்டும் சொன்னார். அவரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். ஒன்றைத் தொட்டுப் பார்க்காமல் அவர் வாயிலிருந்து 'தாங்கும்' என்றோ 'தாங்காது' என்றோ வார்த்தை வராது. தொட்டுப் பார்த்துவிட்டால் யாருக்காகவும் மாற்றியும் சொல்ல மாட்டார்.

ஒருநாள் கடிகாரம் டின்னுக்குப் பக்கத்தில் கிடக்க, அத்தான் சாயங்காலம் வரை வரவில்லை. பிறகு வந்தார், யாரோ ஒரு மலாய்க்காரரின் மோட்டார்சைக்கிள் பின்னால் உட்கார்ந்து. தலைமுடியெல்லாம் சேறு. எஞ்சின் நின்றுபோய், அறுவடை முடிந்த வயல் ஒன்றில் விமானத்தை வயிற்றால் தேய்த்து இறக்கியிருக்கிறார். வயல்காரர் காப்பி கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார். அத்தான் நேராகச் சமையலறைக்குப் போய்க் கடிகாரத்தை எடுத்துக் கட்டினார். "ஒரு கொழா தாங்கல" என்றார், குழாயடியில் வாளி உடைந்ததைச் சொல்வதுபோல. அக்கா அவர் தலையைத் தொட்டியில் சாய்த்துச் சேற்றைக் கழுவிவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கையில்தான் அந்தப் பேச்சு வந்தது. வெளிநாடு ஒன்று தன்னுடைய விண்கலத்தில் நம் நாட்டுக்காரர் ஒருவரையும் ஏற்றிக்கொள்ளப் போகிறதாம். அத்தானைத் தலைநகருக்குக் கூப்பிட்டார்கள். நாற்காலியில் வைத்துச் சுற்றினார்களாம், இருட்டறையில் அடைத்தார்களாம், ரத்தம் எடுத்தார்களாம். நிறையப் பேர் கழிந்து, கடைசியில் மிஞ்சிய சிலரில் இவரும் ஒருவர். அந்த மாதங்களில் அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கட்டிலின் கால் பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தி, தலை தாழ்ந்தபடியே தூங்கப் பழகினார். "அங்க போனா ரத்தமெல்லாம் தலைக்கு வருமாம் மிஸ்ஸி. இப்பவே பாத்துக்கணும்" என்பார். அக்கா அந்தச் சரிந்த கட்டிலின் ஓரத்தில் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

தோட்டமே தலைகால் புரியாமல் ஆடியது. "நம்ம பையன் நெலாவுக்குப் போறான்" என்று அத்தை லயத்தில் வீடு வீடாகச் சொல்லிவிட்டார்.

"நெலாவுக்கு இல்லம்மா. பூமியச் சுத்திட்டு எறங்கிருவோம்" என்றார் அத்தான்.

"சுத்திட்டு வர்றதுக்கா அவ்ளோ ஒசரம் போறீங்க? பஸ்ஸுல சுத்தலாம்ல?" என்றார் அத்தை. ஆனாலும் விடவில்லை. சித்திரையில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. மகன் மேலே போய்விட்டு வந்தால் கிடா வெட்டுகிறேன் என்று சந்நிதியில் சத்தமாகவே வேண்டிக்கொண்டார். பின்னாலேயே தோட்டத்துச் சனம் ஆளுக்கொன்று வேண்டியது: தேங்காய், மொட்டை, பொங்கல். அத்தைக்குப் பக்கத்தில் அக்கா கண்ணை மூடி நின்றாள். உதடு மட்டும் அசைந்தது.

கோயில் குழாயில் கை கழுவும்போது, "நீ என்னாக்கா வேண்டுன?" என்றேன்.

"பால்குடம் எடுக்குறேன்னு சொல்லியிருக்கேன்." தண்ணீரை நிறுத்தினாள். "அவரு போவக் கூடாதுன்னு."

அத்தை நாலடி தள்ளி நின்று யாரிடமோ நிலாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரே ஆத்தாளிடம் மாமியாரும் மருமகளும் எதிரும் புதிருமாகக் கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அடுத்த திருவிழாவுக்கு முன்பே எல்லாம் முடிந்துபோயிற்று. அந்த நாட்டு விண்கலம் ஒன்று, ஏறிக்கொண்டிருக்கும்போதே வானத்தில் சிதறியது. உள்ளே இருந்த அத்தனை பேரும் போனார்கள். காலை ரேடியோவில் கேட்டதும் நான் பஸ் ஏறி அலோர் ஸ்டாருக்கு ஓடினேன். சாயங்காலம் டிவியில் காட்டினார்கள். வெள்ளைப் புகை மேலே போய் இரண்டாகப் பிரிந்தது. அத்தான் முட்டியில் கையூன்றி, திரைக்கு வெகு அருகில் உட்கார்ந்து பார்த்தார். எப்போதும் சொல்கிற வார்த்தையை அன்று அவர் சொல்லவில்லை. எழுந்து போய்க் கட்டிலுக்கடியில் இருந்த செங்கற்களை எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்தார். சில வாரங்களில், வெளியாட்களை ஏற்றுவதை நிறுத்திவிட்டதாகச் சேதி வந்தது.

அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். "அவரு போவக் கூடாதுன்னுதானடி கேட்டேன். அவங்க சாவணும்னா கேட்டேன்?"

"ஒன் வேண்டுதலுக்கும் அதுக்கும் என்னாக்கா சம்பந்தம்? எங்கயோ எதுவோ வெடிச்சதுக்கு நீயா பொறுப்பு?"

"சம்பந்தம் இல்லேன்னா நான் கொடம் எடுக்க வேணாம். எடுத்தா, சம்பந்தம் இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. எடுக்கலேன்னா, வாக்குக் குடுத்துட்டு ஏமாத்துன மாதிரி. நீ படிச்சவதான, சொல்லு. நான் என்னா செய்ய?"

ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருடைய வேண்டுதலைப் பார்த்திருக்கிறேன். கேட்டது கிடைத்ததற்காக இப்படி அழுதவளை அவள் ஒருத்தியைத்தான் பார்த்தேன்.

குடம் எடுப்பது என்று அவளே முடிவு செய்தாள். அதில் இன்னொரு சிக்கல் இருந்தது. எங்கள் ஊரில் பால்குடம் எடுக்கிறவளைப் பார்த்தால், என்ன வேண்டுதல் என்று எல்லோரும் உரிமையோடு கேட்பார்கள். மறைக்கிற விஷயமே இல்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்தது, வீட்டுக்காரர் குடியை விட்டார் என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். தோட்டம் முழுக்க அத்தானுக்காக வேண்டியது எதுவும் பலிக்கவில்லை. ஒரு தேங்காய்கூட உடைபடாது. அத்தை நேர்ந்துவிட்ட கிடா லயத்துக்குப் பின்னால் கொழுத்து மேய்ந்துகொண்டிருந்தது. அவர் பெண்டாட்டி மட்டும் மஞ்சள் சேலையில் குடத்தோடு நின்றால் என்ன அர்த்தம்?

"மகனுக்குப் பரீட்சைன்னு சொல்லிடேன்க்கா" என்றேன்.

"கொடத்தத் தலையில வச்சிக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்றியா?" என்றாள்.

அத்தானிடம் அவள் சொல்லவே இல்லை. அவர் கேட்கவும் இல்லை. அக்கா விரதமிருப்பதை, பாயில் படுப்பதை, பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்குவதை எல்லாம் பார்த்தார். ஒருநாள் அந்தக் குடத்தில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பித் தூக்கி, கனம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மணவறைக் காலை ஆட்டிப் பார்த்த மனுஷன், குழாயைக் கழற்றிப் பார்க்கிற மனுஷன், இதை மட்டும் ஏன் கேட்காமல் இருக்கிறார்? கேட்கிற அன்று இந்தக் குடும்பம் என்ன ஆகும்?

திருவிழாவன்று பால்குடங்கள் பெரிய சாலை முனியாண்டி கோயிலிலிருந்து புறப்பட்டு, தோட்டத்து ரோட்டு வழியாக அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும். முன்பெல்லாம் இரண்டு பக்கமும் ரப்பர் மரம், நிழலிலேயே நடக்கலாம். அந்த வருடம் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்று நட்டிருந்தார்கள். கன்றுகள் முழங்கால் உயரம்கூட இல்லை. தார் ரோட்டில் கானல் ஓடியது. பூசாரி வருவதற்குத் தாமதமாகி வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அத்தானைக் காலையிலிருந்தே காணவில்லை. விஷயம் தெரிந்து கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். குடத்துக்கு முன்னால் வெறித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது அம்மன் கோயில் பக்கமிருந்து ரோட்டின் நடுவில் ஒருவர் நடந்து வருவது தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பில்லாமல். ரோட்டோரப் புல்லில் ஒதுங்காமல் தாரிலேயே நடந்து வந்தார். அக்காவுக்கு எதிரே வந்து நின்றார். வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

"தாங்கும்" என்றார் அவளிடம். "கோயில் வரைக்கும் போய்ப் பாத்துட்டேன்."

அத்தை கேட்டார். "எல்லாரு வேண்டுதலும் மண்ணாப் போச்சு. இவ எதுக்குடா கொடம் எடுக்குறா?"

அக்கா வாயைத் திறந்தாள். அத்தான் முந்திக்கொண்டார்.

"நான் கீழயே இருக்கணும்னு வேண்டியிருக்காம்மா. இருக்கேன்ல."

மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார். அத்தை மருமகளையே பார்த்தார். "என் கிடா தப்பிச்சிச்சு" என்றார் கடைசியில். கேலியா, வயிற்றெரிச்சலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு மஞ்சள் தண்ணீர்ச் செம்பை எடுத்து அக்காவின் காலில் ஊற்றினார்.

அக்கா வழி முழுக்க அழுதுகொண்டே நடந்தாள். அத்தான் ஒரு வாளியும் குவளையுமாக அவளுக்கு முன்னால், அவள் கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே பின்னோக்கி நடந்தார். பால் அபிஷேகம் முடிந்தபின் லயத்துக் குழாயடியில் அவரை உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பாதமும் கொப்பளித்து, பாதி உரிந்திருந்தது. கட்டுப் போடும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"இதுவா தாங்கும்? இந்த ஒரு விஷயத்துலயாச்சும் பொய் சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நடந்துட்டால்ல?" என்றார்.

அவர்களுக்குள் அதைப் பற்றி அன்றைக்கு முன்னும் பின்னும் ஒரு பேச்சும் நடந்ததில்லை, அவராகவே ஊகித்ததுதான் என்று அக்கா பிற்பாடு சொன்னாள். சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். யாரும் சொல்லாமல் அவரே கேட்டுத் தரை வேலைக்கு மாறினார். இளையவர்களுக்குப் பாடம் நடத்தினார். சர்க்கரை டின்னுக்குப் பக்கத்தில் அதன்பின் கடிகாரம் இருந்ததே இல்லை. அக்கா கேட்டது முழுசாகக் கிடைத்துவிட்டது. வீட்டில் நாற்காலி ஆடினால் ஆடிக்கொண்டே இருந்தது.

சில வருடம் கழித்து, மறுபடி ஒரு விடுமுறையில் லங்காவிக்குக் கிளம்பினோம். அதே கோலா கெடா துறை, அதே மீன் வாடை. அத்தான் எல்லோரையும்போல வரிசையில் நின்று ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். எஞ்சின் அறைப் பக்கம் தலையே திருப்பவில்லை. அக்கா உட்காராமல் நின்றாள்.

"போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள்.

"எதுக்கு? எல்லாரும் ஏறிட்டாங்கல்ல."

"ஒரு தடவ பாத்துட்டு வாங்கன்னு சொல்றேன்ல."

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கைப்பையை என் மடியில் போட்டாள். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு எஞ்சின் அறை ஏணியில் இறங்கினாள். ஒரு தையல் மெஷினுக்குக்கூட எண்ணெய் விடத் தெரியாதவள். கீழே யாரோ மலாயில் சத்தம் போட்டது கேட்டது. அவள் மேலே வந்தபோது முழங்கையில் கறுப்பு எண்ணெய் வழிந்தது, முந்தானையிலும் அப்பியிருந்தது. மூச்சு வாங்கியபடி அத்தான் முன்னால் வந்து நின்றாள்.

"தாங்கும்ங்க" என்றாள்.

அத்தான் அவள் கையைப் பார்த்தார். பிறகு சன்னலோரத்திலிருந்து நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.